எலியின் செல்லில் நங்கையாவின் மரபணு

நங்கையாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்த வருடம், நான் அதே நோய்க்கான மரபணுவை எலியின் செல்களுக்குள் வைத்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். என் அண்ணனுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் இருக்கின்றன. என் வேலையை அவன் 'எலி ஆராய்ச்சி' என்பான். அவனுக்கு எலி என்றால் தென்னையில் ஏறிக் குரும்பையைக் கடித்துப் போடுகிற ஜந்து. தங்கை கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு அதில் எதைத் தேடுகிறாள் என்று அவன் கேட்டதில்லை. நானும் விளக்கியதில்லை.

அன்று போனில், "அம்மணி, உங்க நங்கையாவுக்குக் கட்டின்னு சொல்றாங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொல்றாங்க. நீ எதுக்கும் சித்த விசாரிச்சு வையி" என்றான். நான் கையுறையைக் கழற்றாமலே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் டி.என்.ஏ. இழை அறுந்துபோனால் அதை ஒட்டுப்போட உதவும் புரதம் ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவுக்கு பிராக்கா இரண்டு என்று பெயர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி அந்தப் புரதம். அதில் ஒரே ஒரு கண்ணி மாறிப் பிறக்கிறவர்கள் நிறையப் பேர். சில மாற்றங்கள் சங்கிலியையே வேலைக்கு ஆகாததாக்கிவிடும். அந்தக் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும். சில மாற்றங்களால் ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாத மாற்றங்களும் ஏராளம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை அந்த மூன்றாவது வகையோடுதான். எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து அதன் சொந்த மரபணுவை எடுத்துவிட்டால் செல் செத்துப்போகும். அதனால் முதலில் மாற்றம் உள்ள மனித மரபணுவை உள்ளே வைத்துவிட்டு, பிறகு எலியினுடையதை எடுப்போம். செல் செத்தால் அந்த மாற்றம் கெட்டது. பிழைத்தால், மருந்து கொடுத்து இன்னும் சோதிப்போம்.

கேட்பதற்கு ஏதோ பெரிய காரியம் போல இருக்கும். செய்கிறபோது அது முழுக்கச் சோறு போடுகிற வேலைதான். எலியின் ஸ்டெம் செல்களுக்குத் தினமும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிய திரவம் ஊற்ற வேண்டும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் அவற்றுக்குத் தெரியாது. ஒரு நாள் விட்டால் உருமாறத் தொடங்கிவிடும். பிறகு எதற்கும் உதவாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று என்னைக் கேட்பவர்களிடம் இதைக் காரணமாகச் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மைதான்.

நங்கையா கீமோவுக்காக என் வீட்டில் வந்து தங்கினார். பீளமேட்டில் இரண்டே அறை உள்ள வாடகை வீடு. ஊசி போட்டுக்கொண்டு வந்தால் நாலைந்து நாள் படுக்கையைவிட்டு எழுந்திருக்க மாட்டார். ரசம் சாதத்தை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். கொஞ்சம் தெளிந்ததும் என் சமையலறையைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிடுவார். எங்களுக்குள் அதற்கு முன் பெரிய ஒட்டுதல் கிடையாது. படித்தவள் என்று எனக்குத் தலைக்கனம் என்பது அவர் எண்ணம். எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிடுகிறார் என்பது என் எண்ணம். ஒரே வீட்டில் இருந்தபோது இரண்டுமே ஓரளவு உண்மை என்று தெரிந்தது.

அவர் பிறந்த ஊர் ஆனைமலை. அவருடைய அம்மா இளம் வயதிலேயே இறந்துவிட்டார். பிறகு அம்மாவின் தங்கையான சித்தியும். இருவருக்கும் இதே நோய். எனக்கு இது அதுவரை தெரியாது.

"எங்கய்யன் என்ன நெனச்சாரு தெரியுமா? ஆரோ செய்வினை வெச்சுப்போட்டாங்கன்னு நெனச்சாரு. வெச்சவங்களுக்குத் தண்டனை கெடைக்கோணும்னு மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரச்சுப் பூசிட்டு வந்தாரு. ஆரு மேலன்னு அரைப்பாரு, பாவம்? ஆரயும் தெரியாது" என்றார் ஒரு நாள், தலையணையில் உதிர்ந்து கிடந்த முடியைப் பொறுக்கிக்கொண்டே.

அம்மா, சித்தி, இப்போது இவர் என்று கேட்டதும் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமையானவர். பிராக்கா இரண்டில் ஒரு மாற்றம் இருப்பதாகவும், ஆனால் அதனால்தான் நோய் வந்ததா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். நங்கையா முழுவதையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டர், இருக்குதுன்னா இருக்குதுங்கோணும். இல்லீன்னா இல்லீங்கோணும். இருக்குது, ஆனா என்னன்னு தெரீலீன்னா நான் என்னங்க பண்றது? எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க."

"அதுதாங்கம்மா இப்போதைக்கு நிலைமை. நாளைக்கு ஆராய்ச்சியில ஏதாவது தெரிஞ்சா மாறலாம்."

நங்கையா என் பக்கம் திரும்பினார். "நீ இதத்தானே அம்மணி வருசக்கணக்கா பாத்துட்டிருக்கறே? இதையும் பாத்துச் சொல்லிப்போடு."

டாக்டர் என்னைப் பார்த்தார். கூச்சமாக இருந்தது. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராகப் பட்டுப் புடவையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார். அவரை மேடம் என்போம். நங்கையாவின் மாற்றத்தை அவரிடம் சொன்னேன். கிளைசின் என்ற கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினின் என்ற கண்ணி. புரதத்தின் முக்கியமான பகுதியில்தான் அந்த இடம். எங்கள் பட்டியலில் அது இல்லை.

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். "பண்ணலாம். பண்ண வேண்டிய மாற்றம்தான். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, நாம இதை ரிப்போர்ட்டா யாருக்கும் குடுக்க முடியாது. இது ஆஸ்பத்திரி டெஸ்ட் இல்லை. ரெண்டு, எது உங்க அண்ணியோடதுன்னு உனக்குத் தெரியக் கூடாது. டியூப் எல்லாத்துக்கும் நான் வேற ஆளை வெச்சு நம்பர் போட வைக்கிறேன்."

"தெரிஞ்சாலும் நான் ஒழுங்காத்தானே மேடம் செய்வேன்?"

"செய்வே. ஆனா எண்ணுறப்ப கண்ணு பொய் சொல்லும். எனக்கும் சொல்லியிருக்கு."

நங்கையாவின் மாற்றம் அப்படித்தான் மற்ற மாற்றங்களோடு கலந்து வெறும் எண்ணாகிப்போனது. அதன் பிறகு செல் வளரும் எந்தத் தட்டைத் திறந்தாலும், இதுவாக இருக்குமோ என்று தோன்றும். எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவுதான் ஊற்றினேன், ஒரே நேரம்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்குத் திரும்புகிறபோது, அன்றைக்கு எதையோ அவசரமாகச் செய்துவிட்டது போல இருக்கும். அவினாசி ரோட்டில் பஸ் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும். நான் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். ஏழாம் எண் தட்டில் செல் கூட்டங்களின் புள்ளிகள் குறைவாக இருந்தனவே, பதினொன்றில் ஒன்றுமே இல்லையே என்று மனசு கணக்குப் போடும்.

கதவைத் திறந்ததும் நங்கையா கேட்பார்: "எல்லாரும் உசுரோட இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க நங்கையா."

"அது போதும். கைகால் கழுவிட்டு வா. புளிக்கொழம்பு வெச்சிருக்கறேன். எனக்கு எறங்காது, நீயாச்சும் தின்னு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தானும் வருவதாகச் சொன்னார். ஊசி போட்டுப் பல நாள் ஆகியிருந்ததால் தெம்பாக இருந்தார். தலையில் கைத்தறித் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். செல் வளர்க்கும் அறைக்குள் வெளியாட்களை விட மாட்டோம். அதனால் வெளியே இருந்த கணினியில் படத்தைக் காட்டினேன். உருண்டை உருண்டையாக, ஓரம் பளபளப்பாக, செல் கூட்டங்கள்.

திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுற்றும் முற்றும் தேடினார். "எலி எங்கம்மணி?"

"எலி இல்லீங்க நங்கையா. எலியோட செல்லு மட்டுந்தான். எப்பவோ ஒரு எலிக்கருவுல இருந்து எடுத்தது. அதுலயே வளந்து வளந்து வந்துட்டிருக்குது."

"எலியே இல்லாம எலி ஆராய்ச்சியா? உங்கண்ணங்கிட்டச் சொன்னா நம்ப மாட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுல எது நானு?" என்றார்.

"தெரியாதுங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறச்சு வெச்சிருக்கறாங்க."

"நல்லதுதான்" என்றார். அப்போது ஆராதனை முடிந்து மேடம் வந்தார். இருவரும் ஒரே வயதுக்காரர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துல வெச்சிருக்கேன்" என்றார். நங்கையா, "வெய்யிங்க, எல்லாச் சாமியும் வேணுமுங்க" என்றார்.

அடுத்த மாதம் இன்குபேட்டரில் பூஞ்சை பிடித்தது. காலையில் திறந்தால் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. யார் தப்பும் இல்லை. மழைக்காலத்தில் அப்படி ஆவதுண்டு. அத்தனை தட்டுகளையும் ப்ளீச்சில் ஊறப்போட்டுவிட்டு, இன்குபேட்டரைத் துடைத்துவிட்டு, முதலில் இருந்து தொடங்கினோம். நான் அழவில்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தேன். எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை. அன்றைக்கு நங்கையா கேட்டபோது, "எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க" என்றேன். அவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

இதற்கு நடுவில் அண்ணன் மகளுக்கு ஒரு வரன் வந்தது. அவள் சரவணம்பட்டியில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு தங்கியிருந்தாள். அம்மாவைப் பார்க்க என் வீட்டுக்கு வருவாள், பாத்திரம் கழுவுவாள், போவாள். அம்மாவின் நோயைப் பற்றிப் பேச்செடுத்தால் போனைக் கையில் எடுத்துக்கொள்வாள். மாப்பிள்ளை வீட்டார் காரமடைப் பக்கத்துக் குடும்பம், தூரத்துச் சொந்தமும்கூட. கீமோ எல்லாம் முடிந்து அறுவைச் சிகிச்சையும் ஆகி நங்கையா ஊருக்குத் திரும்பியிருந்த சமயம், அவர்கள் உடுமலைப்பேட்டைக்குப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கனிவாகத்தான் விசாரித்தார். "மேலுக்கு எப்படிங்க இருக்குது இப்ப?"

நங்கையா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு நல்லாயிருச்சுங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். பின்னாடி சொல்லலீன்னு ஆயிரக் கூடாது. எங்கம்மாவுக்கும் சித்திக்கும் இதே சீக்குத்தானுங்க. எனக்கு மரபணுல ஒரு மாத்தம் இருக்குதுன்னு சொல்லியிருக்கறாங்க. கெட்டதா நல்லதான்னு தெரீலயாம். எம் பொண்ணுக்கு அது இருக்குதா இல்லியான்னும் பாக்கலீங்க."

அண்ணன் வாசலைப் பார்த்தான். அவர்கள் பலகாரத்தைத் தின்றார்கள், தோப்பைச் சுற்றிப் பார்த்தார்கள், "ஊட்டுக்குப் போயிட்டுப் போன் பண்றோமுங்க" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். போன் வரவில்லை.

அன்று அவர்கள் கார் தோப்பைத் தாண்டியதும் அண்ணன் மகள் வெளியே வந்தாள். இன்னும் பட்டுப் புடவையில்தான் இருந்தாள்.

"அந்தப் பையன் வேண்டாம்னா போகட்டும்மா. அதுக்கில்ல. என் ஒடம்பப் பத்தி நீ எப்படி முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டப் பேசுவே? எங்கிட்டக் கேட்டியா?"

"மறைக்கச் சொல்றியா கண்ணு?"

"மறைக்கச் சொல்லல. சொல்றதா இருந்தா நான் சொல்லிக்குவேன். அது என்னோடது."

நங்கையா சொன்னதும் சரிதான், அவள் சொன்னதும் சரிதான். அவள் என்னிடம் திரும்பி, "அத்தை, நீங்களும் என் செல்லைத்தான் தட்டுல போட்டு வளக்கறீங்க, இல்ல?" என்றாள்.

"உன்னோடது இல்ல கண்ணு. எலியோடது" என்றேன். அது எவ்வளவு உதவாத பதில் என்று சொல்கிறபோதே தெரிந்தது. அவள் அன்றைக்கே பஸ் ஏறிக் கோயமுத்தூருக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ரொம்ப நாள் அம்மாவோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

தட்டுகள் எல்லாம் எண்ணி முடித்து, மேடம் எண்களுக்கு உரிய பெயர்களை எடுத்தார். பதினொன்றாம் எண்ணில் மறுபடியும் ஒரு செல்கூடப் பிழைக்கவில்லை. அதுதான் நங்கையாவுடையது என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அது இல்லை. அது வேறு யாருடைய குடும்பத்திலோ வந்த மாற்றம். அந்தக் குடும்பம் யாரென்று எனக்குத் தெரியாது; அந்த நேரத்தில் அவர்களை நினைக்கவும் இல்லை. நங்கையாவுடையது ஏழு. புள்ளிகள் சிறியவை, ஆனால் உயிரோடு இருந்தன.

பிழைத்த செல்களுக்குப் பிறகு மருந்து கொடுத்துப் பார்த்தோம். டி.என்.ஏ.வை அறுக்கும் மருந்து. புரதம் நன்றாக வேலை செய்தால் செல் அதைத் தாங்கும். மாற்றமில்லாத மரபணு வைத்த செல்கள் தாங்கின. ஏழாம் எண் பாதிதான் தாங்கியது. திரும்பச் செய்தோம். மறுபடியும் பாதி.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டுங்கெட்டான்" என்றார்.

முடிவை நானாக வீட்டில் சொல்லவில்லை. மேடம் டாக்டரிடம் பேசினார். அடுத்த செக்கப்புக்கு நங்கையா வந்தபோது டாக்டரே விளக்கினார். ஒரே ஒரு ஆய்வுக்கூடத்தின் முடிவை வைத்து ரிப்போர்ட்டை மாற்ற முடியாது. மாற்றினாலும், அம்மா, சித்தி, நீங்கள் என்று மூன்று பேர் இருக்கும்போது, செல் என்ன சொன்னாலும் உங்கள் பெண் முன்கூட்டியே வருடாவருடம் ஸ்கேன் செய்துகொள்வதுதான் சரி.

நங்கையா சிரித்தார். களைத்துப்போன சிரிப்பு. "அப்பறம் எதுக்குங்க டாக்டர், இவ நாளும் கெழமையும் பாக்காம அதுகளுக்குச் சோறு ஊட்டிட்டிருந்தா?"

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதே மாற்றத்தோட வேற எங்கயாவது ஒருத்தர் வருவாங்கம்மா. அங்கயும் யாராவது இதைச் சோதிச்சிருப்பாங்க. எல்லாம் சேர்ந்தாத்தான் ஒரு நாள் பதில் கிடைக்கும்."

"அந்தப் பதில் எனக்கு ஆகாதுங்க."

"ஆகாதுங்கம்மா. அநேகமா ஆகாது."

அவர் பொய் சொல்லாதது நங்கையாவுக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்ததும், "நல்ல டாக்டரு" என்றார். ஆட்டோவில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நங்கையா இப்போது நன்றாக இருக்கிறார். செக்கப்புக்கு வருகிறார், போகிறார். ரிப்போர்ட்டில் அதே வரிதான் இன்னும். எங்கள் கட்டுரை ஒருவழியாக வெளிவந்துவிட்டது. அதில் ஏழாம் எண் ஒரு அட்டவணையின் நடுவில், 'இடைநிலை' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அதன் பிறகு மேடம் ஓய்வு பெற்றார். எனக்குச் சோதிக்க வேறு மாற்றங்கள் வந்துவிட்டன.

போன வருடம் ஒரு காலையில் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, ஸ்கேன் பண்ணிக்க வந்தேன். முடிஞ்சுது. காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடல, பசிக்குது. நீங்க எங்க இருக்கீங்க?" யாரிடமும் சொல்லாமல் தனியாகவே வந்து, தனியாகவே அந்த எந்திரத்துக்குள் படுத்து எழுந்திருக்கிறாள். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் மறுபடியும் வர வேண்டும். மரபணுவைப் பார்க்க வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பார்த்தாலும் யாராலும் அர்த்தம் சொல்ல முடியாதே என்றாள். நான் மறுக்கவில்லை.

இரண்டாவது தோசை வந்த பிறகு, "என்னதான் மாறியிருக்கு அத்தை அதுல?" என்று கேட்டாள்.

"ஒரு எடத்துல கிளைசின் இருக்கோணும். அது சின்னது. அதுக்குப் பதிலா அர்ஜினின் இருக்குது. அது பெருசு, எடத்த அடச்சுக்கும்."

"ஒரே எடத்துலயா?"

"ஒரே எடத்துல."

பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்கேன் செய்துகொண்டதைச் சொன்னாள். "ஒண்ணும் இல்லையாம்மா. நல்லா இருக்குதாம். அத்தை பக்கத்துலதான் இருக்கறாங்க. நான் தீபாவளி நோம்பிக்கு வாரேன்" என்றாள். நங்கையா அழுகிறார் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. "இல்லம்மா, கோவம் எல்லாம் இல்ல" என்று இரண்டு முறை சொன்னாள்.

அவளை ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு நான் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணிடம், இன்று ஒரு நாள் செல்களை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் விழுந்தவள், சாயந்தரம் தண்ணீர் லாரி வந்து யாரோ கதவைத் தட்டும்வரை தூங்கினேன்.